அறுபது வீட்டுக்கு ஒரு நோட்டு

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அறுபது வீடு உள்ள குடியிருப்பு. போன மழைக்கு மேலே மண் சரிந்து இரண்டு நாள் ரோடு இல்லை, மூன்று நாள் கரண்ட் இல்லை. அந்த மூன்று நாளும் எல்லோரும் எல்லோருக்கும் செய்தார்களாம். ஒரே வீட்டில் சமையல், பையன்கள் சேர்ந்து மண் அள்ளியது, நிறைமாத கர்ப்பிணி ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனது. அந்தச் சூட்டோடு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். இப்போது அதில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் வருகிறது. "இதைச் சங்கமாகப் பதிவு செய்தால் உயிர் வருமா? யாரைத் தலைவராகப் போடுவது? பணம் எப்படி வசூலிப்பது? பஞ்சாயத்தோடு எப்படிப் பேசுவது?" என்பது அவர் கேள்வி.

நீலகிரியில் இருபது வருடத்துக்கு மேல் இப்படிப்பட்ட குழுக்களோடு இருந்திருக்கிறேன். சில குழுக்கள் இன்றும் நடக்கின்றன. நிறையக் குழுக்கள் ரப்பர் ஸ்டாம்போடு நின்றுபோயின. நின்றவற்றில் பெரும்பாலானவை வரிசையை மாற்றிப் போட்டதால்தான் நின்றன என்பது என் முடிவு. முதலில் பெயர், அப்புறம் தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் லெட்டர்பேடு, அப்புறம் சந்தா. இவ்வளவும் ஆன பிறகு, "சரி, இப்போது என்ன செய்யலாம்?" என்று யோசிப்பார்கள். அதற்குள் பதவி கிடைக்காத நாலு பேர் ஒதுங்கியிருப்பார்கள். நீங்கள் இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஒரு வேலை. வேலைக்கு ஒரு நோட்டு. வேலை ஒரு மழைக்காலம் நடந்த பிறகு பணம். பணம் வந்த பிறகு பதிவு.

உங்கள் வாட்ஸ்அப் குழு உறங்கியதற்கு யாரும் காரணமில்லை. மண் சரிந்தபோது வேலை இருந்தது, செய்தார்கள். ரோடு திறந்ததும் வேலை தீர்ந்தது. அடுத்த மழை வரை கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. குழுவுக்கு வேண்டியது உற்சாகமான ஆட்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் மழை இல்லாத எட்டு மாதத்துக்கும் சின்னச் சின்னதாக வேலை வேண்டும், அவ்வளவுதான்.

மலையில் இதன் அவசரம் சமவெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் சில நாட்களுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் இறந்துபோனார்கள். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையில் அது பாதிக்கும் மேல். அப்படிப் பெய்யும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் ரோடு அடைபடும், ஊட்டியிலிருந்து வரும் ரோடும் அடைபடும். தீயணைப்புத் துறையும் மீட்புப் படையும் வரத்தான் செய்வார்கள். அவர்கள் வந்து சேரும்வரை உள்ள அந்த ஆறு மணி நேரமோ பத்து மணி நேரமோ, பக்கத்து வீட்டைத் தவிர உங்களுக்கு யாரும் கிடையாது.

2009இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது குன்னூர் பக்கம் ஒரு காலனியில் இருந்தேன். எங்களுக்கு ஒரு நலச்சங்கம் இருந்தது, முறைப்படி பதிவானது. சங்கத்தில் நூறடி நைலான் கயிறு, நாலு பெரிய டார்ச், இரண்டு கடப்பாரை, மண்வெட்டிகள், தார்ப்பாய் எல்லாம் வாங்கி வைத்திருந்தோம். நல்ல கயிறு. வாங்கிய அன்று படம் எடுத்துக்கொண்டோம். அந்த நவம்பர் ராத்திரி, கீழ் வரிசையில் ஒரு வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டு முழுக்க அடித்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே வயதான ஒருவர், காலில் கட்டுப் போட்டவர். கயிறு எங்கே? சங்க அறையில். அறை பூட்டியிருக்கிறது. சாவி செயலாளரிடம். செயலாளர் ஒரு கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையம் போனவர், மலை ரோடு அடைபட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். பூட்டை உடைக்கலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் பேச்சு. அது சங்கச் சொத்து, தீர்மானம் இல்லாமல் எப்படி உடைப்பது என்று ஒருவர் கேட்டார். மழையில் நின்றுகொண்டு கேட்டார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பழைய நூல் புடவைகளைக் கொண்டுவந்து, நனைத்து முறுக்கி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பையன்கள் இறங்கிப் பெரியவரை முதுகில் கட்டித் தூக்கிவந்தார்கள். அவர் பிழைத்தார். கயிறு மறுநாள் மத்தியானம்தான் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் காலனியில் கயிறும் டார்ச்சும் மூன்று பங்காகப் பிரிந்தன. மேல் வரிசையில் ஒரு வீடு, நடுவில் டீக்கடை, கீழே ஒரு வீடு. எந்த வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருப்பாரோ அந்த வீடு. பூட்டு கிடையாது, கொக்கிதான். மாதம் ஒருமுறை சிறுவர்கள் போய் டார்ச்சை அடித்துப் பார்த்து, பேட்டரி தேதியை எழுதிவிட்டு வருவார்கள். சிறுவர்களிடம் கொடுத்த வேலை விட்டுப்போகாது என்பதை அப்போதுதான் கண்டோம்.

ஆகவே உங்கள் முதல் வேலைக்கு என் யோசனை, வீட்டு நோட்டு. ஒரு நீள நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். ரேஷன் கார்டு எண்ணும் ஆதார் எண்ணும் வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டால் ஜனங்கள் பயந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள், பயப்படுவதும் நியாயம். மழை ராத்திரியில் எது தெரிந்தால் உதவுமோ அது மட்டும் போதும். ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். "14ஆம் வீடு. ஆயா, தனியாக இருக்கிறார். காது கேட்காது, கதவைத் தட்டினால் தெரியாது, சமையலறை ஜன்னல் வழியாக டார்ச் அடிக்க வேண்டும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறார், மருந்து 16ஆம் வீட்டு ஃப்ரிட்ஜில். மகன் திருப்பூரில், நம்பர் இது. பின்சுவர் மண்ணை ஒட்டியிருக்கிறது, மழைக்கு ஈரம் கசிகிறது. தூங்குவது பின்னறையில்." கடைசி இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தானாகவே தெரியும். மழை பலமாக இருக்கும் நாளில் ஆயாவை முன்னறைக்கு மாற்ற வேண்டும், அல்லது 16ஆம் வீட்டுக்கே கூட்டிப்போக வேண்டும். இதற்குச் சங்கமும் வேண்டாம், ஒரு ரூபாயும் வேண்டாம்.

நோட்டு எழுதப் போகிறவர்கள் இருவராகப் போக வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் போனால் "எல்லாம் நல்லா இருக்கோம்" என்ற பதில்தான் வரும். யார் வீட்டில் யாருக்கு மாசம், யாருக்கு வலிப்பு வரும், எந்த வீட்டில் ராத்திரி ஒருவர் குடித்துவிட்டு எழுப்ப முடியாமல் கிடப்பார் என்பதெல்லாம் பெண்கள் பேச்சில்தான் வெளியே வரும். எழுதியதை வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. படம் எடுக்கவும் கூடாது. நோட்டு ஒரு வீட்டில், அதன் நகல் ஒன்று இன்னொரு வீட்டில், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் நம்பிக்கை உடைந்தால் அப்புறம் எதைச் செய்தாலும் ஒட்டாது.

எப்போது தொடங்குவது என்பதற்கு மழையைப் பாருங்கள். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவம்தான் பெரிய மழை, அங்கே மே மாதத்துக்குள் நோட்டு முடிய வேண்டும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பயம். ஆகஸ்டில் தொடங்கினால் செப்டம்பருக்குள் அறுபது வீட்டையும் முடித்துவிடலாம். முடித்த கையோடு கால்வாய் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்கு ஒரு ஆள், மண்வெட்டியோடு. மண் சரிவதற்கு முன்னால் தண்ணீர் வழி தவறுகிறது. மேலே யாரோ ஒரு வீட்டுக்காரர் வாசலைச் சமப்படுத்தக் கொட்டிய மண், அடைத்துப்போன சிறுபாலம், சாக்கடைக்குள் விழுந்து கிடக்கும் சில்வர் ஓக் கிளை, இப்படி ஏதாவது ஒன்று தண்ணீரைத் திருப்பிவிடும். அது சரிவுக்குள் இறங்கும். மேலிருந்து கீழே நடந்து தண்ணீர் போகும் வழியை ஒருமுறை பார்த்தால் நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவரும் சொல்லிவிடுவார்கள், "இது முன்னே இப்படி வராதே" என்று. அந்தப் பேச்சைக் கவனமாகக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. நிற்கிற மரத்தை, ஆபத்தாகச் சாய்ந்திருந்தாலும், குழுவாகச் சேர்ந்து வெட்டிவிடாதீர்கள். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 இங்கே அமலில் இருக்கிறது, அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். மண் அள்ள பொக்லைன் கொண்டுவருவதற்கும் நம் மாவட்டத்தில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நல்லெண்ணத்தில் வாடகைக்குப் பொக்லைன் பிடித்து வந்து வழக்கில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அதோடு, அடிவாரத்தில் தாறுமாறாகத் தோண்டினால் மேலே இருக்கும் வீடு இறங்கும். மண்வெட்டியால் முடிவதை நீங்கள் செய்யுங்கள். அதற்கு மேற்பட்டதை எழுதிக் கொடுத்துச் செய்ய வையுங்கள்.

சரி, ஆட்களைப் பற்றி. கோத்தகிரிப் பக்கத்துக் குடியிருப்பு என்றால் பெரும்பாலும் கலந்துதான் இருக்கும். படுகர் வீடுகள் சில, சமவெளியிலிருந்து வந்து தங்கியவர்கள், எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வெளியே வந்தவர்கள், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், நடுவில் ஒரு காட்டேஜ். ஹட்டி என்று சொல்லும் படுகர் ஊர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஊர்க் கூட்டம், ஊர்ப் பெரியவர், சாவு என்றால் ஊரே கூடுவது, ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பது, எல்லாம் தலைமுறை தலைமுறையாக வருகிறது. உங்கள் காலனிக்கு அப்படி ஒரு பழைய கட்டு கிடையாது, நீங்களாகக் கட்ட வேண்டும். பக்கத்தில் ஹட்டி இருந்தால் போய்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, அங்கே உறவு இருக்கிறது, கோயில் இருக்கிறது, இங்கே இல்லை. ஆனால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கணக்கு வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. வசதியான வீடும் ஒரு வீடு, இல்லாத வீடும் ஒரு வீடு. வீட்டுக்கு ஒரு ஆள் என்று வைத்தால் வயதானவர் மட்டும் இருக்கும் வீடு டீ போட்டுக் கொடுத்துத் தன் பங்கைச் செய்துவிடும். யாரும் வெளியே நிற்க மாட்டார்கள்.

இந்த வரிசை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குக் கூடலூரைப் பாருங்கள். 1986இல் அக்கார்டு என்ற அமைப்பு அங்கே வேலையைத் தொடங்கியபோது, ஊர் ஊராக ஆதிவாசிகள் உட்கார்ந்து பேசும் சின்னச் சங்கங்கள்தான் முதலில் வந்தன. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக இருந்தவர்கள். அந்தச் சங்கங்கள் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் ஆயின. 1988 டிசம்பரில் நில உரிமை கேட்டுக் கூடலூரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள். ஊர்ப் பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான், 1990இல் அஸ்வினி என்ற சுகாதார அமைப்பின் மருத்துவமனை வந்தது. கட்டடத்தை முதலில் கட்டியிருந்தால் நோயாளிகள் உள்ளே கால் வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். ஊருக்குள் ஒரு பெண் நம்பிக்கையாக வந்துபோய்க்கொண்டிருந்தார், அவர் கைப்பிடித்து அழைத்ததால் வந்தார்கள்.

நம் தேயிலைக் கூட்டுறவுகளும் அப்படித்தான். சின்ன விவசாயிகள் பச்சைத் தேயிலையைப் பறித்துவிட்டு விலைக்காக அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டியிருந்த காலத்தில், 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. அவற்றுக்கான கூட்டமைப்பு, இன்ட்கோசர்வ், 1965இல் வந்தது. முதலில் இலை, அப்புறம் ஃபேக்டரி, அப்புறம் கூட்டமைப்பு. குன்னூரில் கிளீன் குன்னூர் என்ற தன்னார்வக் குழுவும் குப்பையில் கை வைத்துத்தான் தொடங்கியது. பிறகுதான் நகராட்சியோடு சேர்ந்து ஓட்டுப்பட்டறையில் குப்பை பிரிக்கும் வேலை வரை போனது.

பணத்துக்கு வருகிறேன். முதல் மழைக்காலம் முழுக்கப் பணம் வசூலிக்காமலே ஓட்டுங்கள். மண்வெட்டி ஒரு வீட்டில் இருக்கும், தார்ப்பாய் இன்னொரு வீட்டில் இருக்கும், அவரவர் பொருளை நோட்டில் எழுதினாலே பாதிச் சாமான் தயார். இரண்டாம் வருடம் பணம் தேவை என்று தோன்றினால், அது பெரும்பாலும் சாவுச் செலவுக்காகத் தோன்றும். மலையில் ஒரு சாவு என்றால் செலவு ஒரு பக்கம், வேலை இன்னொரு பக்கம். குழி தோண்ட வேண்டும், சரிவில் பாடை தூக்க வேண்டும், கோயமுத்தூரிலிருந்து வரும் உறவினருக்குச் சமைக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் கையில் ராத்திரி ஒரு மணிக்கு ஐயாயிரம் ரூபாய் இருக்காது.

இதற்கு மாதச் சந்தா வேண்டாம் என்பது என் அனுபவம். சந்தா மாதாமாதம் சேர்ந்துகொண்டே போகும், சேர்ந்த பணம் ஆசையைத் தூண்டும், ஆறு மாதம் கட்டாத வீட்டில் சாவு விழுந்தால் கொடுப்பதா வேண்டாமா என்று பிணத்தை வைத்துக்கொண்டு வழக்குப் பேச நேரும். அந்தக் கொடுமையைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக வீட்டுக்கு 200 ரூபாய் ஒரே ஒருமுறை வாங்குங்கள். அறுபது வீட்டுக்கு 12,000. ஒரு சாவு விழுந்தால் அந்த நிமிடமே முழுத் தொகையும் அந்த வீட்டுக்குப் போகும். பத்து நாளுக்குள் மறுபடி வீட்டுக்கு 200 போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கையில் எப்போதும் ஒரு சுற்றுப் பணம்தான் இருக்கும், அதற்கு மேல் இருக்காது. கொடுக்க முடியாத வீட்டுக்கு அந்தச் சுற்றில் இன்னொரு வீடு போடும், யார் போட்டார்கள் என்று எழுத வேண்டியதில்லை. இந்தப் பணத்தைச் சீட்டாகவோ வட்டிக்கோ விடாதீர்கள். "சும்மாதானே கிடக்கு, வட்டிக்கு விட்டா வளருமே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். சீட்டு நடத்த 1982ஆம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது, அது வேறு தொழில். கடன் வேண்டுமென்றால் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன, அவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

கணக்கை எழுதி வைத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை சத்தமாக வாசிக்க வேண்டும். நாங்கள் முதல் ஞாயிறு காலை டீக்கடை முன்னால் வாசிப்போம். "டார்ச் பேட்டரி எட்டு, 240 ரூபாய். 31ஆம் வீட்டு அண்ணன் கொடுத்தது 100. மீதி இவ்வளவு." மூன்று நிமிடம்தான் ஆகும். எழுதியவர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர், வாசிப்பவர் மாதாமாதம் மாறுவார். படிக்கத் தெரியாத பாட்டியும் காதால் தணிக்கை செய்துவிடுவார். ஒருமுறை ஒரு பாட்டி, "போன மாசமும் பேட்டரி வாங்கினீங்களே?" என்று கேட்டார். பார்த்தால் ஒரே பில் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் திருடவில்லை, மறந்திருந்தார். அன்றே திருத்தியாகிவிட்டது, யாருடைய பெயரும் கெடவில்லை. மூன்று மாதம் கழித்துத் தெரிந்திருந்தால் கெட்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் பதிவு வருகிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் அமைக்கலாம். உறுப்பினர்கள் இருபது பேர் ஆனாலோ, வருட வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு செய்தாக வேண்டும். ஆகவே நிதி என்று ஒன்று தொடங்கும் கட்டத்தில் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். நோக்கங்களையும் துணைவிதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. பதிவு எண் இருந்தால் வங்கிக் கணக்கு திறக்கலாம், மனு கொடுக்கும்போது ஒரு நிலை இருக்கும். அதோடு கடமையும் வரும். வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும். பல சங்கங்கள் முதல் இரண்டு வருடம் தாக்கல் செய்துவிட்டு விட்டுவிடுகின்றன. அப்புறம் தேவைப்படும் நேரத்தில் பழைய வருடங்களுக்கெல்லாம் சேர்த்து அலைய வேண்டியிருக்கும். துணைவிதியைக் கடையில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள். உங்கள் நோட்டு, உங்கள் 200 ரூபாய் ஏற்பாடு, கொக்கி மாட்டிய கயிறு, கணக்கு வாசிப்பு, இவற்றையே நாலு வரியில் விதியாக எழுதுங்கள். "அவசர காலத்தில் பொருள்களை எந்த உறுப்பினரும் அனுமதியின்றி எடுக்கலாம்" என்ற ஒரு வரியை மறக்காமல் சேருங்கள். எங்களுக்கு அந்த வரி இருந்திருந்தால் புடவை முறுக்க வேண்டியிருந்திருக்காது.

யாரைத் தலைவராகப் போடுவது என்று கேட்டீர்கள். ஒரு மழைக்காலம் முடிந்தபின் உங்களுக்கே தெரிந்துவிடும். கூப்பிடாமலே வந்தவர் யார், வந்து சத்தம் போடாமல் வேலை பார்த்தவர் யார் என்று எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். கட்சியில் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராக இருக்கட்டும், நல்ல உதவி கிடைக்கும். நிர்வாகியாக வேண்டாம். தேர்தல் வந்தால் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கதவு குழுவுக்கும் சேர்த்து மூடிக்கொள்ளும். சாதி விஷயத்தை நான் நேராகவே சொல்கிறேன். கூட்டத்தை எந்தச் சாதிக் கோயில் மண்டபத்திலும் வைக்காதீர்கள். டீ எல்லோருக்கும் ஒரே டம்ளரில் வர வேண்டும். சமையல் எல்லா வீட்டிலும் மாறி மாறி நடக்க வேண்டும். ஒரு வீட்டில் சமைத்ததை இன்னொருவர் சாப்பிட மறுத்தால், அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் விடாதீர்கள். அன்றே உட்கார்ந்து பேசுங்கள். மழை ராத்திரியில் யார் வீட்டுக்குள் யார் போய்த் தங்குவது என்பது அந்த டம்ளரில்தான் தீர்மானமாகிறது.

பஞ்சாயத்தோடு பேசுவது எழுத்தில் இருக்கட்டும். கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பதினைந்து பேராகப் போங்கள், ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தும் "ஆவன செய்யப்படும்" ஆகிவிடும். "எங்கள் மேல் வரிசைச் சிறுபாலம் அடைத்திருக்கிறது, இத்தனை அடி நீளம், இந்தத் தேதியில் இப்படித் தண்ணீர் திரும்பியது" என்று படத்தோடு எழுதிக் கொடுத்து, அதைத் தீர்மான நோட்டில் அங்கேயே ஏற்றச் சொல்லுங்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் இது உங்கள் உரிமை. நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நகராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிராம சபைக்குப் பதில் பகுதி சபை.

தடுப்புச் சுவர், படிக்கட்டு மாதிரி கொஞ்சம் பெரிய வேலைக்கு நமக்கு நாமே திட்டத்தைக் கேளுங்கள். 1997இல் வந்தது, நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் ஓடி, 2021இல் பழைய பெயருக்குத் திரும்பியது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். மூன்றில் ஒரு பங்கு என்பது உங்கள் காலனிக்குப் பெரிய தொகையாக இருக்கலாம். அந்தக் காட்டேஜ்காரரிடம் அப்போது போய்ப் பேசுங்கள். அவர் வண்டி வருவதும் அதே ரோட்டில்தான்.

ஆனால் ஒன்று. பஞ்சாயத்து செய்ய வேண்டிய வேலையைக் குழு நிரந்தரமாகத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. கால்வாயை ஒருமுறை நீங்கள் சுத்தம் செய்தால் அது ஒத்துழைப்பு. ஆறாவது முறையும் நீங்களே செய்தால், அதற்குச் சம்பளம் வாங்குபவர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். ஒவ்வொரு முறை செய்யும்போதும் தேதியோடு எழுதி, நகலைப் பஞ்சாயத்தில் கொடுத்துவிடுங்கள்.

மாவட்ட நிர்வாகம் நீலகிரியில் 283 இடங்களை அபாயமுள்ளவை என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறது. உங்கள் இடம் அதில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இருந்தால் மழைக்கு எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சமுதாயக் கூடம் உங்களுக்கு முகாம் என்பதையும் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆபத்து வந்தால் முதலில் இறங்கி உதவும் முதல்நிலைப் பொறுப்பாளர்கள் பட்டியலில் உங்கள் ஆட்கள் இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள், முதலுதவிப் பயிற்சிக்கும் பெயர் கொடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, அதையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். இன்னொரு சின்ன விஷயம். கஷ்டகாலத்தில் கீழேயிருந்து நண்பர்கள் லாரி நிறையத் தண்ணீர் பாட்டில் அனுப்ப ஆசைப்படுவார்கள். நம் மாவட்டத்தில் அந்த பாட்டில்களுக்கு அனுமதி இல்லை, சோதனைச் சாவடியில் நிற்கும். அரிசி, போர்வை, குழந்தைகளுக்கான பால்பவுடர் அனுப்பச் சொல்லி முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

மழை இல்லாத மாதத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். குப்பை இருக்கிறது. கோத்தகிரியில் கரடி வீட்டு வாசலுக்கு வருவதற்கு மிச்சச் சாப்பாட்டை வெளியே கொட்டுவது ஒரு முக்கியக் காரணம். சாயந்தரம் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளைக் கூட்டிவர இரண்டு பேர், எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று வாரம் ஒரு கணக்கு, ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல். இதில் ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள், எல்லாவற்றையும் பிடிக்காதீர்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டாம். அதில் காலை வணக்கம் வரட்டும். வேலைக்கு மட்டும் இன்னொரு குழு வையுங்கள், வீட்டுக்கு ஒரு நம்பர், மூன்று பேர் மட்டும் எழுதலாம் என்று பூட்டிவையுங்கள். அதில் செய்தி வந்தாலே எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள்.

வருகிற ஞாயிறு நோட்டோடு கிளம்பினால் மேல் வரிசையிலிருந்து தொடங்குங்கள், தண்ணீர் வருவது அங்கிருந்துதான். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீட்டுக்கு மேல் முடியாது, எல்லா வீட்டிலும் டீ குடிக்கச் சொல்வார்கள், குடித்துத்தான் ஆக வேண்டும். அஞ்சு மணிக்குள் முடித்துவிடுங்கள். டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள், இருட்டினால் அந்தப் பக்கம் கரடி நடமாட்டம்.